பாறைக்கருப்பு கோயிலில் ஒலிக்காத மணி

1

சந்தேகப்படுவதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மெல்பர்னில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கூரை ஒழுகிவிட்டது, கார் இடித்துவிட்டது, கல்யாண மோதிரம் கடலில் விழுந்துவிட்டது என்று தினமும் ஆட்கள் எழுதுகிறார்கள். கூடவே படமும் அனுப்புகிறார்கள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, சுவர்க் காலண்டரில் எந்த மாதம் இருக்கிறது என்று பார்ப்பேன். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. வீட்டிலும் அந்தப் புத்தி போவதில்லை. பால் திரிந்துவிட்டது என்று என் மனைவி கலா சொன்னால்கூட, நான் ஒரு தடவை மூடியைத் திறந்து முகர்ந்துதான் ஒத்துக்கொள்வேன். பதினைந்து வயது மகள் நிலா எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுதினால் சொந்த ஊரான போடியில் சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், வேண்டாம்.

இதை எழுத வைத்தது ஒரு வீடியோ. போன வருடம் பங்குனி உத்திரத்தன்று, ஊரிலிருந்து பெருமாளண்ணன் அனுப்பினார். பெருமாளண்ணன் என் பெரியப்பா மகன், என்னைவிட எட்டு வயது மூத்தவர். வீடியோவில் அவர் எங்கள் குலதெய்வமான பாறைக்கருப்பு கோயிலில் நிற்கிறார். குரங்கணிக்கு மேலே, காபித் தோட்டங்களையும் ஏலத் தோட்டங்களையும் தாண்டி, காட்டுக்குள் இருக்கிற சாமி அது. அண்ணன் ஒரு வெண்கல மணியைக் கையில் பிடித்து ஆட்டுகிறார். நன்றாகவே ஆட்டுகிறார். அப்புறம் கேமராவைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டுகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நிலா பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, வால்யூம் வைங்க."

"வால்யூம் முழுசா இருக்கு."

காற்று கேட்டது. உறுமி கேட்டது. எங்கோ ஓர் ஆடு கத்துவதுகூடக் கேட்டது. மணி மட்டும் கேட்கவில்லை.

"அப்ப பெல் டூப்ளிகேட்டு" என்றாள் நிலா. தமிழில் பேசச் சொன்னால் பத்து நிமிஷம் முழிக்கிறவளுக்கு இந்த ஒரு வாக்கியம் மட்டும் சுத்தமாக வந்துவிட்டது. அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். நான் அந்த வீடியோவை இருபது தடவையாவது திரும்பப் பார்த்திருப்பேன்.

2

மணியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் கலாவுக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அறுவை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி முளைத்தது. அறுவை நடந்த அன்று நான் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் போட்டு அழுதேன். எனக்கு வேறு யார் நம்பரும் ஞாபகம் வரவில்லை.

"கருப்பனுக்கு நேந்துக்க அப்பு" என்றார் அண்ணன். "அவன் பாத்துக்குவான். என்ன செய்றேன்னு வாய்விட்டுச் சொல்லு."

சொன்னேன். வருடா வருடம் பரிசோதனையில் கலாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால், பங்குனி உத்திரத்துக்கு ஒரு வெண்கல மணி கட்டுகிறேன் என்று, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி காருக்குள் சாமான் ஏற்றிக்கொண்டிருக்க, சத்தமாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிடும் என்பது போலக் கையசைத்தாள்.

முதல் வருடம் ஒன்றுமில்லை என்று வந்தது. என்னால் போக முடியவில்லை, லீவு இல்லை. அடுத்த வருடம் நிலாவுக்குப் பள்ளிக்கூடம். அதற்கடுத்த வருடம் என்ன காரணம் என்பதே மறந்துவிட்டது, ஆனால் காரணம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணனே மணி வாங்கி, 'கலாவுக்காக, முத்தையா' என்று பெயர் வெட்டி, மலைக்குக் கொண்டுபோய்க் கட்டிப் படம் அனுப்பினார். முத்தையா நான்தான். நான்கு வருடம், நான்கு மணி.

நன்றாகிவிட்டாள் என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு சொல் காணாமல் போய்விட்டது. கலா 'அடுத்த வருசம்' என்று சொல்வதே இல்லை. கொல்லையில் எலுமிச்சை வைக்கலாமா என்றேன். காய்க்க மூணு வருசம் ஆகும், கீரை போடுங்க என்றாள். புதுக் காலண்டர் வந்தால் சுருட்டியபடியே அலமாரிக்கு மேலே போட்டுவிடுவாள். பரிசோதனைக்குப் பரிசோதனைதான் அவளுக்குக் கணக்கு. அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று நானும் கேட்பதில்லை. பயம்தான், வேறென்ன.

அதனால்தான் அந்த ஊமை வீடியோ என்னை அப்படி ஆட்டிவிட்டது. நேர்ந்த நேர்த்தி போய்ச் சேரவில்லையென்றால்? நான்கு வருடமாக நான் நிம்மதியாகத் தூங்கியது ஒரு பொய்யை நம்பியா?

நான்கு வருடப் படங்களையும் அலுவலகக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினேன். எல்லாப் படத்திலும் மணி ஒரே கம்பியில்தான் தொங்கியது. மற்ற மணிகள் எல்லாம் மரத்தடிச் சங்கிலியில் இருக்க, என் மணி மட்டும் தனியாக ஓரத்தில் ஏன்? எந்தப் படத்திலும் மணியின் வாய் தெரியவில்லை. எல்லாவற்றிலும் அண்ணன் அதே ஊதாச் சட்டை. ஒரே நாளில் நான்கு படம் எடுத்து, வருடத்துக்கு ஒன்றாக அனுப்புகிறாரோ? இந்த வித்தையை நான் அலுவலகத்தில் எத்தனை பேரிடம் பிடித்திருக்கிறேன்!

அண்ணன் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் தரம் பிரிக்கிற வேலையில் இருக்கிறார். ஒரு கை அள்ளி முகர்ந்தாலே, பழைய காய் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கலப்படம் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குக் கலப்படம் செய்யத் தெரியாதா என்று என் புத்தி போனது. சின்ன வயதில் கொட்டக்குடி ஆற்றில், "முட்டளவு தண்ணிதான்டா, எறங்கு" என்று சொல்லி என்னை ஆழத்தில் தள்ளிவிட்டவரும் இவர்தான். மூழ்கப்போன என்னைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியவரும் இவர்தான், நான் நீச்சல் கற்றதும் அன்றுதான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் தள்ளிவிட்டதுதான் ஞாபகத்தில் நிற்கிறது.

"அவங்ககிட்டயே போன் பண்ணிக் கேளுங்க" என்றாள் கலா.

"கேட்டா உஷாராகிடுவார். இந்த வருசம் நானே போறேன். சொல்லாம போறேன்."

"போறதுன்னா போன் பண்ணிட்டுப் போங்க. அவங்க உங்க அண்ணன். உங்க ஆபீஸ் ஃபைல் இல்ல."

நான் கேட்கவில்லை. முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுச் சோதனைக்குப் போகக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். இந்த வருடப் பரிசோதனையும் நல்லபடியாக முடிந்திருந்தது. ஐந்தாவது மணியை நானே கட்டுவேன், நான்கு மணியையும் கையோடு பரிசோதிப்பேன் என்று டிக்கெட் போட்டேன்.

3

மதுரையில் இறங்கியதும் முதல் வேலையாக மணி வாங்கினேன். கடையில் ஒவ்வொரு மணியாக எடுத்து ஆட்டிப் பார்த்தேன். பதினோராவது மணியில் கடைக்காரர் கும்பிட்டுவிட்டார். "சார், எல்லாமே அடிக்கும் சார். மணின்னா அடிக்காம என்ன செய்யும்?"

அதைத்தான் நானும் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

மதுரையிலிருந்து போடிக்கு இப்போது மறுபடியும் ரயில் ஓடுகிறது. ஸ்டேஷனில் இறங்கித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணன் வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் லாட்ஜில் அறை எடுத்தேன். சொந்த ஊரில் திருடன் போல நடந்தேன், உண்மையைச் சொன்னால் என்ன. ஏலக்காய்க் கடைகள் இருக்கிற தெருவில் அந்த வாசனை வந்ததும் கால் தானாக நின்றது. டீக்கடையில் ஒருவர் என்னையே பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். "யாரு வீட்டுக்கு வந்தீக?" என்றார். யார் வீட்டுக்கும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

உத்திரத்தன்று விடிந்ததும் ஜீப்பில் இடம் பிடித்துக் குரங்கணி போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து நடைதான். காட்டுக்குள் போகிற பாதை வாயிலில் வனத்துறைச் செக்போஸ்ட். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் கோயிலுக்கு விடுகிறார்கள், அதுவும் முன்கூட்டி எழுதிக் கொடுத்த பெயர்களை மட்டும். இந்த விவரம் எனக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. வெளிநாட்டில் பதினெட்டு வருடம் இருந்தவனுக்கு, சொந்தச் சாமியைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று யார் சொல்வது? சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆளுக்கு நான் போன் பண்ணவில்லை.

காவலர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "ஆதார் கொண்டாங்க."

பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பினார். "வெளிநாட்டுக்காரரா? பொட்டிபுரம் நியூட்ரினோ ஆராய்ச்சி சோலியா வந்தீங்களா?"

"இல்லிங்க. சாமி கும்பிட. எங்க குலதெய்வம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாக." என் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர், எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "முத்தையா, ஆஸ்திரேலியா. அட, இருக்கே! பெருமாளு குடுத்த லிஸ்டு. வருசாவருசம் இந்தப் பேரு வரும், ஆளு வராது. சாயங்காலம் நாந்தான் கோடு போட்டு அடிச்சுவிடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் வருவது ஊரில் யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க என் பெயர் எப்படிப் பட்டியலில்? அதுவும் நான்கு வருடமாக? என் பெயரைச் சொல்லி வேறு யாரையோ மேலே கூட்டிப்போகிறாரா? ஆள்மாறாட்டம்! எங்கள் அலுவலகத்தில் இதற்கென்றே தனி அலமாரி இருக்கிறது.

"பன்னெண்டு மணிக்கு மேல யாரையும் ஏத்த மாட்டோம்" என்றார் காவலர். "அஞ்சு மணிக்குள்ள எல்லாரும் கீழ எறங்கிறணும். தீப்பிடிக்கிற காலம். வெரசா போங்க."

4

மூன்று மணி நேர ஏற்றம். மெல்பர்னில் ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருப்பதன் பலனை ஒவ்வொரு வளைவிலும் அனுபவித்தேன். முன்னால் போன பெண்கள் தலையில் பொங்கல் பானையோடு பேசிக்கொண்டே ஏறினார்கள். கேரளத் தோட்டத்து வேலைக்குப் போய்ப் பழகிய கால்கள். ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "எந்தா சாரே, இப்பவே முடியலயா? இன்னும் பாதிகூட வரல" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து, வேடிக்கை பார்ப்பது போல மூச்சு வாங்கினேன்.

ஆறு வயதில் இந்த வழியில் அப்பாவின் தோளில் போயிருக்கிறேன். அன்றைய தினத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது ஆட்டுக்கறிக் குழம்பும், பட்டாளத்திலிருந்து வந்த சித்தப்பாவும்தான். சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டுச் சாமி முன்னால் உட்கார்ந்து ஒரு மணியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். ரிப்பேர் பார்த்ததற்கு ஏன் குலவை என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் கறி வெந்துவிட்டது, நான் கேட்கவில்லை. பத்து வயதில் ஹாஸ்டல், அப்புறம் கோயம்புத்தூர், சென்னை, மெல்பர்ன். கேட்க வேண்டியது பலவும் அப்படியே நின்றுவிட்டது.

கோயில் என்று கட்டடம் கிடையாது. ஒரு பெரிய பாறை, அதன் அடியில் அரிவாள், மேலே மரம், மரத்திலிருந்து பாறைவரை ஒரு சங்கிலி. சங்கிலி முழுக்க மணிகள். காற்றுக்கு எல்லாம் சேர்ந்து ஒலித்துக்கொண்டே இருந்தன. பொங்கல் அடுப்புகள் வரிசையாகப் புகைந்தன. நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி, ஓரத்துக் கம்பியைத் தேடினேன்.

நான்கு மணி இருந்தது. 'கலாவுக்காக, முத்தையா.' நான்கிலும் வெட்டியிருந்தது, நான்கும் கனமாகத்தான் இருந்தன. ஒன்றைப் பிடித்து ஆட்டினேன். சத்தம் இல்லை. கவிழ்த்து உள்ளே பார்த்தேன். வெறும் கொக்கி. நாக்கு இல்லை. அடுத்ததிலும் இல்லை. நான்கிலும் இல்லை!

கழிவு விலையில் உடைசல் மணியை வாங்கிச் சாமிக்குக் கட்டியிருக்கிறார், அதுவும் என் கலாவின் உயிருக்கு நேர்ந்தது. வெண்கலம்தானா என்பதாவது தெரியட்டும் என்று கீழே கிடந்த கல்லை எடுத்து ஓங்கினேன்.

"ஏய்! கல்லக் கீழ போடு!" பூசாரி காமு மாமாவின் குரல் மலையில் எதிரொலித்தது. உறுமி நின்றது. எல்லாரும் திரும்பினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் ஓடி வந்தார். அதே ஊதாச் சட்டை, முட்டியில் கட்டு, நொண்டிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அப்பு! வந்துட்டியா! ஏலே, தம்பி வந்துட்டான்டா! ஆஸ்திரேலியாத் தம்பி வந்துட்டான்!"

நான் கல்லைக் கீழே போடவில்லை. "எத்தனை வருசமாண்ணே இப்படி?" என்றேன். "நாலு மணியும் ஓட்டை மணி. என் பேரை லிஸ்டுல எழுதி யாரைக் கூட்டிட்டு வர்றீங்க? ஒரே நாள்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு என்னை ஏமாத்தியிருக்கீங்க. என்னைத்தான் ஏமாத்துனீங்க, போகட்டும். கலா உயிரு அண்ணே இது. சாமியையும் ஏமாத்துவீங்களா?"

அவ்வளவு பேர் முன்னால் சொன்னேன். எழுதும்போது கூசுகிறது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நாக்கு வீட்ல இருக்கே அப்பு" என்றார். "நீ வர்றேன்னு சொல்லலயே."

5

காமு மாமாதான் என் கையிலிருந்த கல்லை வாங்கிப் போட்டார். "மாப்ளே, நீ யாரு மகன்?" என்று கேட்டார். தெரிந்தே கேட்டார். "இந்தச் சாமிக்குப் பெறந்தவனுக்கு இது தெரியாதா? நேந்தவன் கையால நாக்கு மாட்டுனாத்தான் மணி பேசணும். அதுதான் நேத்தி முடியிறது. வேற ஆளு கொண்டாந்து கட்டுனா ஊமை மணியாத்தான் கட்டணும், அங்குட்டு ஓரத்துக் கம்பியில. நாக்கு, கட்டுனவன் வீட்டுச் சாமி மாடத்துல காவல்ல இருக்கும். நேந்தவன் வாயால வர்றேன்னு ஒரு சொல்லு வந்தாத்தான் அத வீட்ட விட்டு எடுக்கணும். ஒங்க சித்தப்பன் பட்டாளத்துல இருந்து வந்து மாட்டலயா? நீயுந்தான் அன்னைக்குத் தோள்ல வந்த."

குலவை ஏன் என்று அப்போது விளங்கியது. அது ரிப்பேர் இல்லை.

"வீடியோவுல ஆட்டிக் காட்டுனேனேடா" என்றார் அண்ணன். "வாயால வான்னு கூப்பிட்டா, லீவு கெடைக்காம நீ சங்கடப்படுவ. அதான் ஊமையா ஆட்டுனேன். பாத்தா ஒனக்கு வெளங்கும், வந்துருவன்னு நெனச்சேன். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அதக்கூடச் சொல்லணுமான்னு இருந்துட்டேன். லிஸ்டுல பேரு எழுதுறது, எப்பவாச்சும் திடுதிப்புன்னு வந்து நின்னா காட்டுக்காரங்க ஒன்னைய வெளிய நிறுத்திறக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

ஊதாச் சட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். நான் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த சட்டையாம். கோயிலுக்கு மட்டும் போடுவாராம்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அண்ணன் நொண்டிக்கொண்டே சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறி, மதினிக்குப் போன் போட்டார். "ராசாத்தி, மாடத்துல இருக்கிற டப்பாவ எடுத்துக்கிட்டு வெரசா செக்போஸ்ட்டுக்கு வா. தம்பி வந்திருக்கான். ஆமா, நெசமாத்தான்!" மதினி வந்தும் பயனில்லை என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டுக்கு மேல் யாரும் ஏற முடியாது. இறங்க இரண்டு மணி நேரம், ஏற மூன்று மணி நேரம், அஞ்சு மணிக்குள் எல்லாரும் கீழே. "நான் ஓடிப்போயி வாங்கிட்டு வந்துர்றேன்" என்று அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு! நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஒரு போன் பண்ணிருக்கலாம்ல அப்பு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

என் பையிலிருந்த ஐந்தாவது மணியை எடுத்தேன். இதையாவது அடிக்கலாமா என்று காமு மாமாவிடம் கேட்டேன். "முந்துன நாலும் வாய் தொறக்கல. பிந்துனது எப்படிப் பேசும்? நாக்கக் கழட்டிட்டுக் கட்டு. அடுத்த உத்திரத்துக்கு வந்து அஞ்சையும் சேத்து மாட்டு" என்றார். மதுரைக் கடையில் பதினோரு மணியை ஆட்டித் தேர்ந்தெடுத்து வந்தேன். அதன் நாக்கை என் கையாலேயே கழற்றினேன். கொக்கி இறுக்கமாக இருந்தது, நகம் பெயர்ந்தது.

கீழே இறங்கும்போது அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். செக்போஸ்ட்டில் மதினி டப்பாவோடு நின்றார். காவலர் பட்டியலில் என் பெயருக்கு நேரே முதல் தடவையாக ஒரு டிக் போட்டார்.

6

நான்கு நாக்கையும் அண்ணன் என்னிடமே கொடுத்துவிட்டார். "நேந்தவன் சாமி முன்னால வந்து நின்னுட்ட. இனி காவல் ஒன் பொறுப்பு" என்றார். வியாபாரத்துக்கு ஏலக்காய் சாம்பிள் வைக்கிற தகர டப்பா. நான் கழற்றிய ஐந்தாவதையும் மஞ்சள் பூசி அதிலேயே போட்டார். டப்பாவைக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மெல்பர்ன் விமான நிலையத்தில் மோப்ப நாய் ஒன்று வந்து என் பை பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்துகொண்டது. அதிகாரி டப்பாவைத் திறந்தார். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மூன்று ஏலக்காய் இருந்தன. அவற்றை எடுத்துப் பையில் போட்டு முத்திரை வைத்தார். பிறகு மஞ்சள் பூசிய ஐந்து வெண்கலத் துண்டுகளை மேஜையில் வரிசையாக அடுக்கினார்.

இவை என்ன? மணியின் பாகங்கள். மணி எங்கே? இந்தியாவில். மணியை அங்கே விட்டுவிட்டுப் பாகத்தை மட்டும் ஏன் கொண்டுவருகிறீர்கள்? அடுத்த முறை போகும்போது மாட்ட. ஏன் இந்த முறையே மாட்டவில்லை?

அந்த அதிகாரி என்னைப் பார்த்த பார்வை எனக்கு மிகவும் பழக்கமானது. இப்படி ஒரு விண்ணப்பம் என் மேஜைக்கு வந்திருந்தால், படித்த உடனே நிராகரித்திருப்பேன். அவர் நல்லவர். துடைத்துப் பார்த்துவிட்டு, நெகிழிப் பையில் போட்டுத் திருப்பித் தந்தார். டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டார்.

வெளியே கலாவும் நிலாவும் நின்றார்கள்.

"மணி அடிச்சீங்களா?" என்றாள் கலா.

"ம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நேர்த்தி முடியவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"வீடியோ எங்க?" என்றாள் நிலா.

காரில் வரும் வழியெல்லாம் நிலா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வளர்த்த பிள்ளை.

7

வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜையில் அந்த நெகிழிப் பையை வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை ஓங்கியது, கூட்டத்தில் அண்ணனைப் பேசியது, அவர் கேட்ட அந்தக் கேள்வி, ஒன்றும் விடவில்லை. நிலாவுக்குப் புரியாத இடங்களில் கலா ஆங்கிலத்தில் சொன்னாள். முடித்ததும் நிலா, "பெரியப்பா பாவம்" என்றாள். பெரியப்பா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

"போன் பண்ணிட்டுப் போங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் கலா.

"சொன்ன."

"ஏர்போர்ட்டுல பொய் வேற."

"ஆமா."

அவள் பையைப் பிரித்து ஐந்தையும் உள்ளங்கையில் கொட்டினாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்த ஐந்து வருடங்கள். பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டு கிழித்து, அவற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாமி அலமாரியில் வைத்தாள். அங்கேயே திரும்பாமல் நின்றாள். கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"பங்குனி உத்திரம் அடுத்த வருசம் எப்ப வருது?" என்றாள்.

நிலா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்தச் சொல் கேட்டிருக்கிறது.

"பாத்துச் சொல்லுங்க. நானும் வர்றேன். உங்களை மட்டும் நம்பி இனி விட முடியாது."

போடியில் அப்போது காலை நேரம். அண்ணன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் போனில் சொன்னேன். "அண்ணே, வர்றோம். லிஸ்டுல மூணு பேரு எழுதுங்க."

"மூணு பேரா? கலாவுமா?" என்றார். "நெசமாத்தான் சொல்றியா? போனைக் கலாகிட்டக் குடு. ஒன் பேச்ச நான் நம்ப மாட்டேன்."

கொடுத்தேன்.

"எழுதுங்க மாமா" என்றாள் கலா. "அடுத்த வருசம் வர்றேன்."